வீடியோவில் ஓபி: எங்கள் கவுன்டரில் தினமும் கேட்கிற கேள்விகள்

2020 ஊரடங்கின்போது எங்கள் மருத்துவமனை ஓபி கட்டடத்தில் பழைய ஸ்டோர் ரூம் ஒன்றைக் காலி பண்ணி, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு டேபிள் ஃபேனும் போட்டார்கள். கதவில் 'வீடியோ கன்சல்டேஷன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் திரையில் வருவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசி விவரம் வாங்குவது என் வேலை. டாக்டர் போன பிறகு "அவங்க என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்பவர்களுக்குத் திரும்பச் சொல்வதும் என் வேலைதான். சர்க்கரை, பிபி, தைராய்டு, தோல், ஆபரேஷன் முடிந்த ரிவியூ, இவைதான் எங்களிடம் அதிகம்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் நோய்க்கு என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீடியோவில் பார்ப்பதை எப்படி உருப்படியாகச் செய்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வீடியோவில் பார்ப்பதும் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்பதும் ஒன்றுதானே?

இல்லை. இதற்கும் டோக்கன் உண்டு, நேரம் உண்டு, ஓபி சீட்டு உண்டு. டாக்டர் உங்கள் பழைய கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். பேசியதைக் குறித்து வைப்பார், மருந்துச் சீட்டு அனுப்புவார். அடுத்த முறை நேரில் வந்தால் அந்தக் குறிப்பு ஃபைலில் இருக்கும். கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்ததும் முட்டி வலிக்கு மாத்திரை கேட்பதோடு இதைச் சேர்க்காதீர்கள்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளோடு அது பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. பதிவு பெற்ற அலோபதி மருத்துவர் இந்தியாவில் எந்த ஊரில் இருக்கும் நோயாளியையும் வீடியோ, போன், குறுஞ்செய்தி வழியாகப் பார்க்கலாம் என்று அது சொல்கிறது. பார்க்கலாமா, நேரில் வரச் சொல்லலாமா என்று முடிவெடுப்பது டாக்டரின் பொறுப்பு. நடுவில் எந்தக் கட்டத்திலும் "இது போதாது, நேரில் வாங்க" என்று அவர் சொல்லலாம். நீங்களும் சொல்லலாம்.

கொரோனாவோடு பிறந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமத்தை அப்போலோ மருத்துவமனையோடு இணைத்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். நம் பக்கம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் விஷன் சென்டர்கள் என்ற சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் உங்கள் கண்ணைப் பார்த்து எழுதுவார். அப்புறம் பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் உங்களிடம் பேசுவார். இன்டர்நெட் சரியாக இல்லாத அந்தக் காலத்தில், தேனியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் நெடுந்தூர வைஃபை வைத்து இதைச் செய்தார்கள்.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, நோயாளி பக்கத்திலும் வேலை தெரிந்த ஒரு கை இருப்பது. நம் வீட்டு வீடியோ காலில் அந்தக் கை கிடையாது. கீழே நான் எழுதியிருப்பதில் பாதி, அந்தக் கையின் வேலையை நீங்களே எப்படிச் செய்துகொள்வது என்பதுதான்.

எதற்கெல்லாம் வீடியோ போதும்?

பேச்சும் பார்வையும் போதுமான இடங்களில் வீடியோ போதும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் காட்டி மாத்திரை அளவைக் கூட்டுவது, குறைப்பது இதில் முதலாவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்துவிட்டு "அதே மாத்திரையைத் தொடருங்க" என்ற ஒரு வரியை வாங்குவதற்காக விடியற்காலை நாலரை மணி பஸ் ஏறி வந்தவர்களை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வீடியோ பெரிய நிம்மதி. ஊரிலேயே லேபில் ரத்தம் கொடுக்கலாம், ரிப்போர்ட்டை அனுப்பலாம், கழனி வேலையை விடாமலே டாக்டரிடம் பேசலாம்.

தைராய்டு, வலிப்பு மாத்திரை ரிவியூ, மனநலச் சிகிச்சையில் தொடர் பேச்சு, தையல் பிரித்த பின் புண் ஆறுகிறதா என்று பார்ப்பது, படை, தேமல் போன்ற தோல் விஷயங்கள், இவையும் நன்றாக நடக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் "என்னென்ன டெஸ்ட், எத்தனை நாள் தங்கணும், எவ்வளவு ஆகும்" என்ற பேச்சையும் வீடியோவிலேயே முடித்துவிடலாம்.

தொட்டு, தட்டி, அமுக்கி, ஸ்டெத் வைத்துப் பார்க்க வேண்டியதெல்லாம் நேரில்தான். வயிற்று வலியை டாக்டர் கையால் அமுக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அமுக்கும்போது வலிக்கிறதா, கையை எடுக்கும்போது வலிக்கிறதா என்பதில் வியாதியே மாறிப்போகும். மார்பில் கட்டி, காது வலி, புதிதாக வந்த தலைவலி, இளைப்பு, பார்வை மங்கல், கர்ப்பிணியின் மாதாந்திரப் பரிசோதனை, இவற்றுக்கு வீடியோ கேட்டு வந்தால் நானே கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சர்க்கரை நோயாளி வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதுவும் நேரில்தான்.

என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. நாள்பட்ட வியாதிக்கு ஒரு முறை நேரில், ஒரு முறை வீடியோவில் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது சரியாக வரும். தொடர்ந்து மூன்று நாலு முறை வீடியோவிலேயே ஓட்டியவர்களில் ஒருவர் நேரில் வந்தபோது உள்ளங்காலில் ஆறாத புண் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரையில் தெரிந்ததெல்லாம் அவர் முகம் மட்டும்தான்.

முதல் தடவையே வீடியோவில் பார்க்கலாமா?

விதிப்படி பார்க்கலாம். நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒருமுறை நேரில் பார்த்த டாக்டரிடம் வீடியோவில் பேசுவது வேறு, முகமே தெரியாதவரிடம் பேசுவது வேறு. தோல் வியாதி, மனநலம் இரண்டும் ஓரளவுக்கு விதிவிலக்கு.

இன்னொன்று: நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே டாக்டரிடம், அதே தொந்தரவுக்குப் பேசினால்தான் வழிகாட்டுதல்கள் அதை 'ரிவியூ' என்று எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் தாண்டினால் புது நோயாளிக் கணக்கு. மருந்து எழுதுவதிலும் அது வித்தியாசத்தைக் கொண்டுவரும். அதைக் கீழே சொல்கிறேன்.

நெஞ்சு வலி மாதிரி அவசரம் என்றால்?

வீடியோ வேண்டாம், 108. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் விழுதல், வலிப்பு, பாம்புக்கடி, நிற்காத ரத்தம், கர்ப்பிணிக்குக் குழந்தை அசைவு குறைதல், இதில் எதுவாக இருந்தாலும் டோக்கன் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

வீடியோ கால் வருவதற்கு முன் என்னென்ன எடுத்து வைக்கணும்?

நேரில் வந்தால் எடை, பிபி, டெம்பரேச்சர் எல்லாம் நாங்கள் பார்த்து எழுதிவிடுவோம். வீட்டில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் கால் வந்த பிறகு ஓடி ஓடித் தேடாமல் முன்னாடியே.

பிபி மெஷின் இருந்தால் காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதீர்கள். பார்க்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பாருங்கள், இரண்டு அளவையும் எழுதுங்கள். "நார்மல்தான் இருந்துச்சு" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் பிரயோஜனம் இல்லை, எண் வேண்டும். மெஷின் இல்லையென்றால் அருகில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் பார்க்கத் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வருகிறார் என்றால் அவர் எழுதிய அளவே போதும்.

சுகர் நோட்டைத் திறந்து கையில் வையுங்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, எந்தத் தேதி. நடுவில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை வாயில் போட்டுக்கொண்ட நாள் ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

மாத்திரைகள்: "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்" என்று சொல்பவர்கள்தான் பாதிப் பேர். எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் போட்டுக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூட்டுவலி மாத்திரை, அதையும் அதே தட்டில் போடுங்கள். ஒளிக்காதீர்கள், திட்ட மாட்டோம்.

ரிப்போர்ட்டுகளை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் யாராலும் படிக்க முடியாது. எக்ஸ்ரே ஃபிலிமை டியூப்லைட்டில் பிடித்துக் காட்டுவதும் வேண்டாம்.

கடைசியாக, கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கேள்வி போதும். திரையில் டாக்டர் முகம் வந்ததும் எல்லாம் மறந்துபோகும், எனக்கே மறந்துபோகும்.

போனை எப்படிப் பிடிக்கணும்?

சிரிக்காதீர்கள், அதிகம் சிக்கல் வருகிற இடம் இதுதான். வயசானவர்கள் போன் என்றால் காதில்தான் வைப்பார்கள். டாக்டர் பேச ஆரம்பித்ததும் பழக்கத்தில் போன் காதுக்குப் போய்விடும், எங்கள் திரை முழுக்கக் காதுமடல். இல்லாவிட்டால் மின்விசிறி சுற்றுவது தெரியும். போனைச் சொம்பிலோ அரிசி டப்பாவிலோ சாய்த்து வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழணும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் கருப்பு உருவம்தான் தெரியும்.

புண்ணையோ தோலையோ காட்ட வேண்டுமென்றால் வீடியோவை நம்பாதீர்கள். முன்னாடியே பகல் வெளிச்சத்தில், பின்பக்கக் கேமராவில், இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒன்று உடம்பில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி தூரத்தில், இன்னொன்று கிட்டத்தில். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும். போன தடவையை விட சுருங்கியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்பதை அந்த நாணயம் சொல்லிவிடும். மஞ்சள் பூசியிருந்தால் கழுவிவிட்டு எடுங்கள். மஞ்சளுக்குக் கீழே சிவந்திருக்கிறதா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை விரலில் போடும்போது நகப்பூச்சு இல்லாத விரலாகப் பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள்.

கால் வீக்கம் பார்க்க டாக்டர் உங்களையே கையாகப் பயன்படுத்துவார். கணுக்காலுக்கு மேலே, எலும்புமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கச் சொல்வார். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, வீட்டில் இருப்பவர் விரல் நுனியால் அவர் கால்விரல்களை மெல்லத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. "இப்போ தொட்டேனா?" என்று கேட்டுக் காட்டிக் கொடுக்கக் கூடாது. தொட்டது தெரிந்தால் அவரே சொல்லட்டும். ஒரு பாட்டியின் காலை ஏழாம் வகுப்புப் பேரன் இப்படித் தொட்டுக்கொண்டே வந்தான். வலது காலில் ஒவ்வொரு விரலுக்கும் "ம்" சொன்ன பாட்டி, இடது காலில் இரண்டு விரலுக்குச் சத்தமே போடவில்லை. பையன் திரையைப் பார்த்தான், டாக்டர் உதட்டில் விரல் வைத்து "சொல்லாதே" என்று சைகை காட்டினார். அடுத்த வாரமே பாட்டியை நேரில் வரவழைத்தோம்.

அம்மாவுக்குப் பேசத் தெரியாது, நானே பேசிவிடலாமா?

நெட் பிரச்சினையை விட எனக்குப் பெரிய தலைவலி இதுதான்.

ஓபி அறையில் ஒரு வழக்கம் உண்டு. மகனோ மருமகளோ கூட வந்து, "அவங்களுக்கு ரெண்டு நாளா..." என்று ஆரம்பித்தால் டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்பார். கதவு சாத்தியதும் அந்த அம்மா வேறு கதை சொல்வார். வீடியோவில் அந்தக் கதவு இல்லை. போன் மகனுடையது, பிடித்திருப்பது மகன், பதில் சொல்வதும் மகன். அம்மா பின்னால் கட்டிலில் பாதி தெரிவார். "சாப்பிடறாங்களா?" "நல்லா சாப்பிடறாங்க சார்." "தூங்கறாங்களா?" "தூங்கறாங்க." ஏழு நிமிடத்தில் எல்லாம் சுபம். மறுநாள் அந்த அம்மா எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்து எனக்கே போன் செய்து, "பாப்பா, எனக்கு ராத்திரியெல்லாம் மூத்திரம் எரியுது, அவன்கிட்ட எப்படிச் சொல்றது" என்கிறார்.

அதனால் முதல் ஐந்து நிமிடம் நோயாளிதான் பேச வேண்டும், அவர் எப்படிப் பேசினாலும் சரி. திக்கட்டும், சுற்றி வளைக்கட்டும். வார்த்தை தடுமாறுவதும், மூச்சு வாங்கிக்கொண்டு பாதி வாக்கியத்தில் நிறுத்துவதும்கூட டாக்டருக்குத் தகவல்தான். மகன் சொன்னால் அந்தத் தகவல் போய்விடுகிறது. காது சரியாகக் கேட்காதவர், நினைவு மங்கியவர் என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்வியை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள், பதிலை அவர் வாயிலிருந்து வரவிடுங்கள். அவர் முடித்ததும், "அவங்க சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு டாக்டர்" என்று நீங்கள் சேர்த்துச் சொன்னால் எங்களுக்கு அருமையாக இருக்கும்.

மைனர் பிள்ளை என்றால் கதை வேறு. பெரியவர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும், அவர் யார் என்று டாக்டர் உறுதி செய்துகொண்டுதான் பேச முடியும்.

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயத்தை எப்படிச் சொல்வது?

புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் எதிரில் மாதவிடாய் பற்றிச் சொல்ல முடியாது. வீட்டில் அடி வாங்குபவர் அடித்தவர் எதிரில் எதையும் சொல்ல முடியாது. குடிப்பவர் மனைவி முன்னால் அளவைக் குறைத்துத்தான் சொல்வார். ஒற்றை அறை வீட்டில் "தனியாகப் போய்ப் பேசுங்கள்" என்பதும் சுலபமில்லை.

நான் சொல்லும் வழிகள் சில. இயர்போன் மாட்டிக்கொண்டால் டாக்டர் கேட்பது வெளியே கேட்காது. "ஆமா", "இல்லை" என்று மட்டும் சொல்லுகிற மாதிரி கேளுங்கள் என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிடலாம், டாக்டரிடம் தெரிவித்துவிடுவேன். மொட்டைமாடி, மாட்டுக்கொட்டகை, கோயில் மண்டபம், எங்கே தனியாகக் கிடைக்கிறதோ அங்கே போய்ப் பேசலாம். ஒரு பெண் துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய்ப் பேசினார், கொடியில் தொங்கிய புடவைக்குப் பின்னால் அவர் முகம் பாதிதான் தெரிந்தது, பேச்சு முழுசாக வந்தது. எதுவும் முடியாவிட்டால் "நேரில்தான் வரணும்னு சொல்லிட்டாங்க" என்று எங்கள்மேல் பழியைப் போட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். அந்தப் பழியை ஏற்றுக்கொள்வதில் எங்களுக்கு வருத்தமே இல்லை.

வீடியோவில் எழுதுகிற மருந்துச் சீட்டை மருந்துக்கடையில் ஏற்றுக்கொள்வார்களா?

டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும் சீட்டின் போட்டோ, ஸ்கேன், பிடிஎஃப் எதுவானாலும் செல்லும். சில கடைக்காரர்கள் "ஒரிஜினல் கொண்டா" என்பார்கள். பிரின்ட் போட்டுக் கொண்டுபோனால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

எல்லா மருந்தையும் எழுத முடியாது. வழிகாட்டுதல்கள் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. பாராசிட்டமால், ஓஆர்எஸ் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். தோல் களிம்பு, கண் சொட்டு மருந்து போன்றவற்றை முதல் தடவை என்றாலும் வீடியோவில் பார்த்துவிட்டு எழுதலாம். ஏற்கெனவே சாப்பிடும் பிபி, சுகர் மாத்திரைகளை ரிவியூவில் திரும்ப எழுதலாம். நேரில் பார்த்து மெட்ஃபார்மின் கொடுத்திருந்தால், ஆறு மாதத்துக்குள் வருகிற ரிவியூவில் அதோடு சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாம். புதிதாக வருபவருக்கு அப்படிக் கொடுக்க முடியாது. ஆறு மாதக் கணக்கு முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

போதைமருந்துச் சட்டத்தின் கீழும், மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையிலும் (கட்டுப்பாடு அதிகமான மருந்துகளின் பட்டியல்) வருபவற்றுக்கு வீடியோவில் தடை. அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சினாலும் டாக்டர் எழுதாததற்கு இதுதான் காரணம், கல்நெஞ்சம் இல்லை. வலிக்கு எல்லோரும் கேட்கிற டிரமடாலும் 2018-இல் போதைமருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

நேரில் வராததற்குக் கட்டணம் குறையுமா?

குறைக்க வேண்டும் என்று விதி இல்லை. நேரில் வாங்கும் அதே கட்டணத்தை வாங்கலாம், ரசீது தர வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் ஓபி செலவு உண்டு என்றால் வீடியோவுக்கும் சேர்த்துத்தான், 2020 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் பாலிசியில் ஓபி செலவு இருப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

இலவசமாகக் கிடையாதா?

இ-சஞ்சீவனி இருக்கிறது. மத்திய அரசு 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பேசுகிற ஓபியைத் தொடங்கியது. மொஹாலியில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி நிறுவனம் இதைச் செய்து கொடுத்தது. செயலியிலோ இணையதளத்திலோ போன் நம்பரைக் கொடுத்து, ஓடிபி போட்டு, டோக்கன் வாங்கி வரிசையில் இருந்தால் டாக்டர் வருவார். மருந்துச் சீட்டும் அதிலேயே வந்துவிடும். தொடக்கத்தில் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. சளி, காய்ச்சல், தோல், சந்தேகம் கேட்பது, இதற்கெல்லாம் நல்லது. ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வரக்கூடும், அதனால் பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். சாதாரண போனிலிருந்தே பேசலாம், தமிழில் பேசலாம்.

எங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை.

அப்படியானால் கிட்டத்தில் இருக்கும் துணை சுகாதார நிலையம் அல்லது நலவாழ்வு மையத்துக்குப் போங்கள். இ-சஞ்சீவனியில் இன்னொரு வழி உண்டு: அங்கே இருக்கும் செவிலியர் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிபி, சுகர் பார்த்து, பெரிய மருத்துவமனை டாக்டரோடு இணைப்பார். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களைவிட உங்களுக்கு நல்ல கவனிப்பு கிடைக்கும் என்றே சொல்வேன். நோயாளி பக்கத்தில் வேலை தெரிந்த ஒரு கை என்று மேலே சொன்னேனே, அது இங்கே கிடைக்கிறது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், அப்பா மன்னார்குடியில். நானும் வீடியோ காலில் சேரலாமா?

தாராளமாக. அப்பா சம்மதித்தால் போதும். நேர வித்தியாசத்தைப் பார்த்து டோக்கன் கேளுங்கள். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கே இங்குள்ள டாக்டரிடம் சிகிச்சை வேண்டும் என்றால் அது வேறு. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் ஆலோசனை நம் வழிகாட்டுதலுக்குள் வராது, அந்த ஊர்ச் சட்டம்தான்.

லிங்க் வரவே இல்லை. ஏன்?

பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றுதான்: ஓபி சீட்டில் இருக்கும் போன் நம்பர் உங்களுடையது இல்லை. பத்து வருடம் முன்னால் முதல் தடவை சீட்டுப் போட்டபோது யார் கையில் போன் இருந்ததோ அவர் நம்பர் அது. இப்போது திருப்பூரில் இருக்கும் மச்சானுக்கு மாமாவின் சுகர் ரிவியூ லிங்க் போய்க்கொண்டிருக்கும். இதை மாற்ற எங்கள் மருத்துவமனை கம்ப்யூட்டரில் மூன்று கவுன்டர் ஏறி இறங்க வேண்டும், அது எங்கள் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை நேரில் வரும்போது முதல் வேலையாக நம்பரை மாற்றிவிடுங்கள்.

பத்து மணி என்று சொன்னீர்கள், பதினொன்றே கால் ஆகிறதே?

டாக்டர் நேரில் வந்தவர்களையும் பார்த்துக்கொண்டு நடுநடுவே திரைக்கு வருகிறார். வார்டில் யாருக்காவது மோசமானால் எழுந்து ஓடுவார். நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் போன் சார்ஜ் தீர்ந்துபோவதுதான் கொடுமை, சார்ஜரைச் செருகியே வையுங்கள். நடுவில் வேறு கால் வந்தால் எடுக்காதீர்கள். லைன் அறுந்தால் பதறாதீர்கள், நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம், வீடியோ வராவிட்டால் சாதாரண போன் காலில் முடித்துவிடுவோம். பஸ்ஸில் போய்க்கொண்டே மட்டும் பேசாதீர்கள். உங்கள் மூல வியாதி பற்றி டாக்டர் கேட்பதை முன் சீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

திரையில் வருபவர் உண்மையான டாக்டர்தானா?

கேளுங்கள், தப்பில்லை. பெயரும் பதிவு எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அறிகுறியைத் தட்டச்சு செய்தால் தானாக மருந்து எழுதிக் கொடுக்கிற செயலிகளுக்கு இங்கே அனுமதி கிடையாது. இயந்திரம் டாக்டருக்கு உதவலாம், மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. நடுவில் "முன்பணம் அனுப்புங்க, ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் வைத்துவிட்டு மருத்துவமனை நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.

வீடியோவில் பார்த்துவிட்டு "நேரில் வாங்க" என்று சொல்லிவிட்டார். கட்டிய பணம் வீண்தானே?

கோபம் புரிகிறது, வாரத்துக்கு இரண்டு பேராவது இதற்காக என்னிடம் சண்டை போடுகிறார்கள். ஆனால் எதற்காக வரச் சொன்னார் என்று அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டால், வருகிற நாளில் பாதி அலைச்சல் மிச்சம். எந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வரணும், அன்று காலை மாத்திரை போடலாமா கூடாதா, ஸ்கேனுக்கு மூத்திரத்தை அடக்கி வைத்திருக்க வேண்டுமா, எந்த பிளாக், இதையெல்லாம் போனை வைப்பதற்கு முன் என்னிடம் கேளுங்கள், சீட்டின் கீழேயே எழுதி அனுப்புகிறேன். திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், அன்றைக்கு நாங்களே டீ குடிக்கப் போக முடியாது.